கடைசி செமஸ்டர் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

திருவனந்தபுரத்திலும், எல்லை தாண்டிக் களியக்காவிளை முதல் நாகர்கோவில் வரையிலும் பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கும் மாணவ மாணவியருக்கு,



ப்ராஜெக்ட் காலம் வந்துவிட்டது. தலைப்பு என்ன என்று கேட்டால் உங்களில் பலர் பதில் சொல்லாமல் சிரிக்கிறீர்கள். அந்தச் சிரிப்பின் பொருள் எனக்குத் தெரியும். இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்று, இப்போது கரமனையில் குடியிருப்பவன் நான். வைவா மேசையின் மறுபக்கத்தில் நெடுங்காலம் உட்கார்ந்திருக்கிறேன். மெல்லிய படலம், நானோ துகள் என்று அழகான அட்டை போட்டு வரும் அறிக்கைகளில், ஒரே எக்ஸ்-கதிர் வரைபடம் ஆண்டுதோறும் வேறு வேறு பெயர்களில் வருவதைப் பார்த்திருக்கிறேன். ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் பழைய அறிக்கை கணினியில் கிடக்கும். பெயரையும் பதிவெண்ணையும் மாற்றி, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, மாலைக்குள் கையில் கொடுத்துவிடுவார்கள்.

உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆய்வகத்தில் கருவி இல்லை. மாதிரியை வெளியூர் நிறுவனத்துக்கு அனுப்பினால் கட்டணமும் கட்டவேண்டும், முடிவு வர வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். கையில் இருப்பதோ சில மாதங்கள். அதற்குள் உண்மையான ஓர் ஆய்வைச் செய் என்று சொல்லிவிட்டு, அதற்கான வழியை யாரும் காட்டாமல் போனால் பிள்ளைகள் கடைக்குத்தான் போவார்கள். எனவே வழியைச் சொல்லத்தான் இந்த மடல். இந்த ஆண்டு உங்கள் ப்ராஜெக்டை விண்வெளித் தொலைநோக்கிகளின் தரவைக் கொண்டு செய்யுங்கள். உலகத்தின் மிக நல்ல கருவிகள் அளந்து வைத்த அளவீடுகள் கட்டணமில்லாமல் திறந்து கிடக்கின்றன. அவற்றை எடுத்துப் பார்க்கப் பட்டம் வேண்டாம், பரிந்துரைக் கடிதமும் வேண்டாம்.

இது எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஹபிள், ஜேம்ஸ் வெப் போன்ற தொலைநோக்கிகளில் நேரம் கேட்டு வாங்கும் விஞ்ஞானிக்கு அந்தத் தரவு பொதுவாக ஆறு மாதமோ ஓராண்டோ மட்டும் சொந்தம். அந்தக் காலம் முடிந்ததும் காப்பகத்தின் கதவு எல்லோருக்கும் திறந்துவிடும். முதல் நாளிலிருந்தே திறந்து வைக்கப்படும் பெரிய ஆய்வுகளும் உண்டு. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி30 ஏற்றிச் சென்ற நம் ஆஸ்ட்ரோசாட்டின் காப்பகத்தை இஸ்ரோ 2018 செப்டம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தது. கட்டுரை எழுதி முடித்துவிட்டார்கள் என்பதால் ஒரு தரவு தீர்ந்துபோய்விடாது. ஒருவர் ஒரு விண்மீனைத் தேடி எடுத்த படத்தில், அவர் ஏறெடுத்தும் பார்க்காத ஆயிரம் பொருள்கள் ஓரங்களில் கிடக்கும். ஹபிள் 1990இல் போனது. அதன் தரவைக் கொண்டு இன்றும் வெளியாகும் கட்டுரைகளில் பெரும்பங்கு, வேறு யாரோ வேறு எதற்கோ எடுத்து வைத்த பழைய தரவிலிருந்து எழுதப்படுபவை.

அண்மைக்காலத்தில் என்னை மிகவும் மகிழ வைத்த செய்தியும் இப்படி வந்ததுதான். புனேயில் உள்ள தேசிய வானொலி வானியற்பியல் மையத்தில் ஆய்வு மாணவி ரஷி ஜெயின், தன் வழிகாட்டி யோகேஷ் வாடதேகருடன் சேர்ந்து ஒரு கேலக்ஸியைக் கண்டுபிடித்தார். அதற்கு அளகநந்தா என்று இமயத்து ஆற்றின் பெயரை வைத்தார்கள். 2025 நவம்பரில் செய்தி வெளிவந்தது. அதன் ஒளி நம்மை வந்து சேர ஏறத்தாழ 1,200 கோடி ஆண்டு ஆகியிருக்கிறது. அதாவது பிரபஞ்சத்துக்கு வெறும் 150 கோடி வயதாக இருந்தபோது அது எப்படி இருந்ததோ அப்படித்தான் இப்போது பார்க்கிறோம். அந்தச் சின்ன வயதில் கேலக்ஸிகள் உருக்குலைந்து, ஒழுங்கில்லாமல்தான் இருக்கும் என்று பாடப் புத்தகங்கள் சொல்லி வந்தன. இதுவோ இரண்டு சுருள் கைகளுடன், 30,000 ஒளியாண்டு குறுக்களவில், நம் பால்வழியைப் போல அத்தனை லட்சணமாக இருக்கிறது. அதில் புது விண்மீன்கள் பிறக்கும் வேகம் இன்றைய பால்வழியைப்போலச் சுமார் இருபது மடங்கு. ஒரு கேலக்ஸியின் தட்டு அமைதியாகப் படிந்து, அதில் கைகள் உருவாகப் பல நூறு கோடி ஆண்டு வேண்டும் என்ற கணக்கு இங்கே இடிக்கிறது.

ரஷி ஜெயின் இதற்காக வெப் தொலைநோக்கியில் நேரம் கேட்கவில்லை. ஏபெல் 2744 என்ற கேலக்ஸிக் கொத்தின் திசையில் அன்கவர் என்ற வெளிநாட்டு ஆய்வுக் குழு எடுத்து எல்லோருக்கும் திறந்து வைத்த படங்களையும் பட்டியல்களையும் எடுத்துக்கொண்டார். அதில் சுமார் 70,000 பொருள்கள் இருந்தன. அவற்றைச் சலித்துப் பார்த்ததில் இது அகப்பட்டது. படம் எடுத்தவர்களுக்கு அது ஒரு பட்டியல் எண். புனேயில் ஒரு பெண், அவர்கள் கேட்காத கேள்வியைக் கேட்டார். அவ்வளவுதான்.

வானத்தின் அதே துண்டுக்கு ஒரு தமிழ்த் தொடர்பும் உண்டு. கோயம்புத்தூரில் பிறந்து யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் பிரியம்வதா நடராஜன், தொடக்கக் காலத்துக் கருந்துளைகளில் சில, விண்மீன் செத்து உருவாகாமல், பெரிய வாயுமேகம் நேரடியாகக் குலைந்து விழுந்து உருவாகியிருக்கலாம் என்று சகாக்களுடன் கணக்கிட்டுச் சொன்னவர். அப்படி உருவானால் அது எப்படித் தோன்றும் என்றும் முன்கூட்டியே எழுதி வைத்தார். 2023இல் அந்த ஏபெல் 2744 திசையிலேயே, வெப் கண்ட யுஎச்இசட்1 என்ற மிகத் தொலைவான கேலக்ஸியிலிருந்து சந்திரா தொலைநோக்கி எக்ஸ்-கதிர்களைப் பிடித்தது. அவர் வரைந்து வைத்த அடையாளங்கள் அதில் பொருந்தின. சந்திரா என்பது நம் சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர். அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் இளங்கலை மாணவராக இருந்தபோதே ஆய்வுக் கட்டுரை எழுதியவர் என்பதை இந்த இடத்தில் உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

'அதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகள் சார்' என்பீர்கள். ஒப்புக்கொள்ள மாட்டேன். அன்னபூரணி சுப்ரமணியம் பாலக்காட்டுக்காரர். அங்கே அரசு விக்டோரியா கல்லூரியில் படித்தவர். பெங்களூரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் முனைவர் பட்டம் பெற்று, 2019இல் அதே நிறுவனத்தின் இயக்குநரானார். ஆஸ்ட்ரோசாட்டில் உள்ள புற ஊதாத் தொலைநோக்கியை உருவாக்கி அளவு திருத்தியவர்களில் அவரும் ஒருவர். அந்தத் தொலைநோக்கி முதன்முதல் பார்த்ததும், பிறகு அளவு திருத்துவதற்காக மீண்டும் மீண்டும் பார்த்ததும் என்ஜிசி 188 என்ற மிக வயதான விண்மீன் கொத்து. ஒரு கொத்தில் எல்லா விண்மீன்களும் ஒரே காலத்தில் பிறந்தவை. எடை மிகுந்த, நீல நிறத்து விண்மீன்கள் சீக்கிரமே எரிந்து முடிந்திருக்கவேண்டும். ஆனால் இந்தக் கிழட்டுக் கொத்துகளில், வயதுக்குப் பொருந்தாமல் இளமையாக எரியும் நீல விண்மீன்கள் சில உண்டு. அன்னபூரணியும் குழுவினரும் அவற்றில் ஒன்றைப் புற ஊதாவில் பார்த்து, அதன் அருகே சூடான துணை விண்மீன் ஒன்று ஒளிந்திருப்பதை 2016இல் அறிவித்தார்கள். துணையிடமிருந்து பொருளை உறிஞ்சிக்கொண்டுதான் அந்த விண்மீன் இளமை பெற்றிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பார்த்தால் துணை தெரியவே தெரியாது. அளவு திருத்தும் வேலையில் சேர்ந்த தரவிலிருந்து அப்படி ஒரு முடிவு வந்தது.

திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே பம்பைக் கரையில் கோழஞ்சேரி என்ற சிறிய ஊர் இருக்கிறது. அங்கே செயின்ட் தாமஸ் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த நினான் சஜீத் பிலிப், கணினிக்கு வகைபிரிக்கக் கற்றுக்கொடுக்கும் முறைகளை வானியலுக்குக் கொண்டுவந்தவர். அவருடைய மாணவி ஷீலு ஆபிரகாமும் அவரும், புனேயின் அஜித் கெம்பாவி, மேலே சொன்ன வாடதேகர் முதலியவர்களுடன் சேர்ந்து 2012இல் ஒரு பட்டியலை வெளியிட்டார்கள். ஸ்லோன் என்ற அமெரிக்க வான்கணக்கெடுப்பின் திறந்த தரவில் புள்ளிகளாகத் தெரிந்த சுமார் 60 லட்சம் பொருள்களில் எது விண்மீன், எது குவேசார், எது கேலக்ஸி என்று பிரித்த பட்டியல் அது. ஸ்லோன் தரைத் தொலைநோக்கிதான். ஆனாலும் இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. கோழஞ்சேரியில் நடந்தது நெய்யாற்றின்கரையிலும் தக்கலையிலும் நடக்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லை.

நம் ஊர் வானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இடவப்பாதியில் தொடங்கும் மழை ஓயும்போது துலாவர்ஷம் வந்துவிடும். மிச்ச மாதங்களிலும் கடல்காற்றின் ஈரமும் நகர வெளிச்சமும் வானத்தை மங்க வைக்கும். திருவனந்தபுரத்தில் 1837இலேயே சுவாதித் திருநாள் மன்னர் ஒரு வானாய்வுக்கூடத்தைக் கட்டினார். ஆலப்புழையில் வணிக அலுவலராக இருந்த ஜான் கால்டெகாட் அதற்கு முதல் இயக்குநர். இன்று அது கேரளப் பல்கலைக்கழகத்தின் வசம் அதே குன்றின் மேல் இருக்கிறது. ஆனால் அந்தக் குன்றின் பெயரை விஞ்ஞான உலகில் நிலைக்க வைத்தது விண்மீன்கள் அல்ல, காந்தம். கால்டெகாட்டுக்குப் பின் வந்த ஜான் ஆலன் பிரவுன் பூமியின் காந்தப்புலத்தை இங்கேயும் அகத்தியமலை உச்சியிலும் உள்ளூர் உதவியாளர்களைக் கொண்டு இடைவிடாமல் அளந்தார். அந்த அளவீடுகளை 1874இல் நூலாக அச்சிட்டார். பொதிகையின் உச்சியில் குளிரிலும் காற்றிலும் உட்கார்ந்து எடுத்த எண்களை, தாம் பார்த்தே இராத மனிதர்கள் பயன்படுத்தட்டும் என்று அச்சில் விட்டுப் போன மனிதர் அவர். நான் பேசும் காப்பகங்களுக்கெல்லாம் மூத்தது அந்த நூல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிறகு தும்பா. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் போனது உங்களுக்குத் தெரியும். அறுபதுகளின் இறுதியில் அதே கடற்கரையிலிருந்து எக்ஸ்-கதிர்க் கருவிகளை ஏற்றி அனுப்பி, வானத்து எக்ஸ்-கதிர் மூலங்களை நம் விஞ்ஞானிகள் அளந்தார்கள். ராக்கெட் வளிமண்டலத்துக்கு மேலே இருக்கும் சில நிமிடம்தான் அவர்களுக்குக் கிடைத்த நேரம். எக்ஸ்-கதிரும் புற ஊதாவின் பெரும்பகுதியும் தரைக்கு வரவே வராது. லடாக்கின் ஹான்லே மலையில் ஏறி நின்றாலும் வராது. அதனால்தான் தொலைநோக்கியை மேலே அனுப்பவேண்டியிருக்கிறது. அதை மேலே கொண்டுபோகும் பி.எஸ்.எல்.வி. உருவானது நம் விக்ரம் சாராபாய் மையத்தில். ஆஸ்ட்ரோசாட் 650 கிலோமீட்டர் உயரத்தில், பூமத்தியரேகைக்கு ஆறு டிகிரி மட்டுமே சாய்ந்த பாதையில் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் நம் தெற்கு வானத்தின் வழியாகத்தான் போகிறது. ஐந்தாண்டு வேலை செய்தால் போதும் என்று அனுப்பியது, 2025 செப்டம்பரில் பத்தாண்டு நிறைத்தது.

அந்தப் பத்தாண்டில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2016 அக்டோபரில் ஆஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கி வானத்தின் ஒரு மூலையை 28 மணி நேரத்துக்கு மேல் உற்றுப் பார்த்தது. ஹபிள் ஏற்கெனவே மிக ஆழமாகப் படமெடுத்த மூலை அது. ஹபிளின் ஆடி 2.4 மீட்டர். ஆஸ்ட்ரோசாட்டின் ஆடி 38 சென்டிமீட்டர்கூட நிறையாது. ஆனாலும் 930 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து வந்த கடும் புற ஊதா ஒளியை நம்முடையது பிடித்தது. ஹபிளால் முடியவில்லை. காரணம், நம் கருவி ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறது. அதன் பின்னணி இரைச்சல் மிகக் குறைவு. புனேயில் உள்ள ஐயூகா என்ற வானியல் மையத்தின் கனக் சாஹா தலைமையிலான குழு, அது உண்மையான சமிக்ஞைதானா, கருவியின் பிழையா என்று சரிபார்க்க மட்டும் ஏறக்குறைய இரண்டு ஆண்டு எடுத்துக்கொண்டது. 2020 ஆகஸ்டில்தான் கட்டுரை வந்தது. 28 மணி நேரத் தரவுக்கு இரண்டு ஆண்டுச் சிந்தனை. வேலையின் எடை எந்தப் பக்கம் இருக்கிறது என்று இதிலிருந்தே தெரியும். ஆடியைச் செய்யப் பல கோடிகள் வேண்டும். அந்த இரண்டு ஆண்டுக்கு வேண்டியது கணினியும் பொறுமையும் நேர்மையும்.

நம் பக்கத்திலேயே, நெடுமங்காடு சாலையில், வலியமலையில் இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அங்கே ஆனந்த் நாராயணன் குழுவினர் ஹபிளின் தரவைக் கொண்டு கேலக்ஸிகளுக்கு இடையில் உள்ள வாயுவை ஆராய்கிறார்கள். அந்த வாயு ஒளிர்வதில்லை, படத்தில் விழாது. எனவே அதற்குப் பின்னால் வெகுதூரத்தில் எரியும் குவேசாரின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். வழியில் இருக்கும் வாயு தனக்குரிய நிறங்களை மட்டும் விழுங்கிக்கொள்கிறது. ஐந்து எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் ஓரிடத்தில் பள்ளம் போடும், ஏழு எலக்ட்ரான்களை இழந்த நியான் வேறோரிடத்தில் பள்ளம் போடும். அந்தப் பள்ளங்களின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்தால் வாயுவின் அளவும் வெப்பமும் தெரியும். பிரபஞ்சத்தில் இருக்கவேண்டிய சாதாரணப் பொருளில் ஒரு பகுதி கணக்கில் வராமல் நெடுநாள் இருந்தது. அது இந்த வெப்ப வாயுவில்தான் ஒளிந்திருக்கிறது என்று உலகெங்கும் பலர் இப்படித் தேடித் தேடிக் காட்டியிருக்கிறார்கள். மழை பெய்துகொண்டிருக்கும் வலியமலையில் இந்த வேலை நடக்கிறது. உங்களில் பலர் அந்த வாசல் வழியாகப் பேருந்தில் போயிருப்பீர்கள்.

சரி, நீங்கள் எங்கே தொடங்குவது? கார்த்திகை விண்மீன் கொத்தில் தொடங்குங்கள். மார்கழி இரவில் தலைக்கு மேலே கொத்தாகத் தெரியும் அந்த ஆறு விண்மீன்கள் உங்கள் பாட்டிக்கும் தெரியும். ஐரோப்பாவின் கயா தொலைநோக்கி 2014 முதல் 2025 ஜனவரி வரை சுமார் 180 கோடி விண்மீன்களின் இடத்தையும் அசைவையும் அளந்தது. அதன் மூன்றாவது தரவு வெளியீடு 2022 முதல் திறந்திருக்கிறது. காப்பகத்துக்குள் போய், வல ஏற்றம் 56.75 டிகிரி, நடுவரை விலக்கம் 24.12 டிகிரி என்ற புள்ளியைச் சுற்றி இரண்டு டிகிரிக்குள், ஒளிப்பொலிவு எண் 15க்குக் குறைவாக உள்ள எல்லா விண்மீன்களையும் கேளுங்கள். எஸ்.க்யூ.எல். போன்ற மொழியில் நாலைந்து வரி எழுதினால் போதும். ஆயிரக்கணக்கான வரிசைகள் கொண்ட அட்டவணை வந்து இறங்கும். பார்த்தால் எல்லாம் எண். கார்த்திகை எங்கே இருக்கிறது என்று தெரியாது. அந்தத் திசையில் பக்கத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒன்றாகக் கலந்து கிடக்கும்.

இப்போது ஒவ்வொரு விண்மீனும் வானத்தில் ஆண்டுக்கு எவ்வளவு நகர்கிறது என்ற இரண்டு பத்திகளை மட்டும் எடுங்கள். கிழக்கு மேற்காக நகரும் வேகம் ஓர் அச்சு, வடக்கு தெற்காக நகரும் வேகம் இன்னோர் அச்சு. பைத்தானில் புள்ளிகளை வையுங்கள். பெரும்பாலான விண்மீன்கள் சுழியைச் சுற்றி அப்பிக் கிடக்கும். ஆனால் கிழக்கே 20, தெற்கே 45 என்ற இடத்தில் தனியாக ஒரு சிறு கூட்டம் நிற்கும். அலகு மில்லி ஆர்க்செகண்ட். ஒரு டிகிரியை 3,600 பங்காக்கி, அதில் ஒரு பங்கை மீண்டும் ஆயிரமாக்கினால் வரும் அளவு. அந்தக் கூட்டம்தான் கார்த்திகை. எல்லாம் கூடப் பிறந்தவை என்பதால் சேர்ந்தே நகர்கின்றன. ஒரு கும்பல் தெருவில் ஆளாளுக்கு ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது, ஒரு கல்யாண வீட்டார் மட்டும் ஒரே திசையில் நடந்தால் தெரிந்துவிடும் அல்லவா, அப்படித் தெரியும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் உங்கள் திரையில் அது எழுந்து நிற்கும்.

அந்தக் கூட்டத்து விண்மீன்களை மட்டும் தனியே பிரித்து, அவற்றின் இடமாறு தோற்றப் பத்தியைப் பாருங்கள். பூமி சூரியனைச் சுற்றும்போது அருகில் உள்ள விண்மீன் பின்னணியில் எவ்வளவு ஊசலாடுகிறது என்ற அளவு அது. சராசரி 7.4 மில்லி ஆர்க்செகண்ட் அளவில் வரும். ஆயிரத்தை அதால் வகுத்தால் 135 பார்செக். 3.26ஆல் பெருக்கினால் 440 ஒளியாண்டு. கார்த்திகையின் தூரத்தை அளந்துவிட்டீர்கள்.

இது சின்ன விஷயம் இல்லை மக்களே. கயாவுக்கு முன்னால் போன ஹிப்பார்கஸ் தொலைநோக்கி 1997இல் கார்த்திகைக்குச் சொன்ன தூரம் சுமார் 120 பார்செக். அது சரியென்றால் விண்மீன்கள் எப்படி எரிகின்றன என்ற நம் கணக்கையே மாற்றவேண்டும். மாற்றக்கூடாது, ஹிப்பார்கஸ்தான் எங்கோ தவறியிருக்கிறது என்றார்கள் வேறு சிலர். பதினைந்து ஆண்டுக்கு மேல் அந்த வாதம் நடந்தது. 2014இல் வானொலித் தொலைநோக்கிகளின் அளவீடு 136 பார்செக் என்றது. 2016இல் கயாவின் முதல் வெளியீடு அதை உறுதி செய்தது. பெரிய பெரிய ஆட்கள் மோதிக்கொண்ட ஒரு கேள்விக்கு, உங்கள் கல்லூரிக் கணினி அறையில் ஒரு மதியத்தில் நீங்களே விடை காணலாம். பிழை வரம்பையும் சேர்த்துப் போடுங்கள். சராசரியோடு நிறுத்தாமல், எந்த விண்மீனைச் சேர்த்தீர்கள், எதை விட்டீர்கள், ஏன் என்று எழுதுங்கள். வைவாவில் நான் உட்கார்ந்திருந்தால் அந்த 'ஏன்' என்ற பத்திக்குத்தான் மதிப்பெண் போடுவேன்.

தெரிந்த விடையை மறுபடி கண்டுபிடிப்பது காப்பி அடிப்பது ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. காப்பி அடித்தவருக்கு எண் மட்டும் தெரியும். அளந்தவருக்கு அந்த எண் எங்கே ஆடும், எங்கே நிற்கும் என்று தெரியும். இது கைக்கு வந்ததும் அடுத்த கேள்வி தானாக வரும். இதே கொத்தை ஆஸ்ட்ரோசாட் பார்த்திருக்கிறதா? பார்த்திருக்காவிட்டால், எந்தக் கொத்தைப் பார்த்திருக்கிறது? கயா சொல்லும் உறுப்பினர்களில் எவை புற ஊதாவில் எதிர்பார்ப்பைவிடப் பிரகாசமாக இருக்கின்றன? ஆஸ்ட்ரோசாட்டின் ஒரு படம் முழுநிலவின் அகலத்தைக் கிட்டத்தட்ட மூடும். வானத்தில் சிறிதாகத் தெரியும் கொத்தானால் ஒரே படத்தில் அதன் பெரும்பகுதி கிடைத்துவிடும். அதன் அண்மைப் புற ஊதாப் பகுதி 2018 மார்ச்சில் வேலையை நிறுத்திவிட்டது. அதற்கு முன் எடுத்தவை இனி எடுக்க முடியாத படங்கள். இன்னும் யாரும் முழுதாகப் படித்து முடிக்கவில்லை.

இடைஞ்சல்களையும் சொல்லவேண்டும். கையேடுகள் எல்லாம் ஆங்கிலத்தில், அதிலும் வறண்ட ஆங்கிலத்தில் இருக்கும். ஃபிட்ஸ் கோப்பை முதலில் டிஎஸ்9 மென்பொருளில் திறந்தால் முழுக்கக் கறுப்பாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள். ஒளி அளவுகோலை மடக்கைக்கு மாற்றினால்தான் விண்மீன்கள் தெரியும். சொந்த லேப்டாப் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். நான் சொன்ன கயா அட்டவணை சில எம்.பி.தான். கூகுள் கோலாப் போன்ற இலவச இடங்களில் பைத்தான் ஓடும். இருவர் மூவராகச் சேர்ந்து செய்யுங்கள். ஆனால் நிரலை ஒருவர் எழுதி மற்றவர் கையெழுத்துப் போடும் வேலை வேண்டாம். புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டோம் என்று தோன்றும் நாளில் செய்தித்தாளுக்குப் போகாதீர்கள். கனக் சாஹா குழு எடுத்துக்கொண்ட அந்த இரண்டு ஆண்டை நினைத்துக்கொள்ளுங்கள். எதுவும் கிடைக்காமல் போனால் அதையும் அப்படியே எழுதுங்கள். இத்தனை விண்மீன்களைப் பார்த்தேன், இதில் ஒன்றும் இல்லை என்பது உண்மையான முடிவு.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. வானியல் என்றால் இரவில் மலையில் தங்கவேண்டும் என்று வீட்டில் விடமாட்டார்கள். அந்தக் காரணத்தாலேயே ஆசையை மடித்து வைத்த மாணவிகளை எனக்குத் தெரியும். இன்று அவர்களை நினைக்கும்போது மனசு கனக்கிறது. இந்த வேலைக்கு இரவு வேண்டாம். விடுதிக்குத் திரும்பும் நேரத்துக்குள், பகல் வெளிச்சத்தில் செய்யலாம். ரஷி ஜெயின், அன்னபூரணி, பிரியம்வதா, ஷீலு என்று இந்த மடலில் பெண்களின் பெயர்கள் இத்தனை வந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அவற்றைத் தேடிப் பிடித்து நான் சேர்க்கவில்லை.

வேலை கிடைக்குமா என்று வீட்டில் கேட்பார்கள். எண்களைச் சுத்தம் செய்து, பிழையை மதிப்பிட்டு, வரைபடமாக்கி, அதைப் பற்றி நேர்மையாக எழுதத் தெரிந்தவர்களை டெக்னோபார்க்கிலும் தேடுகிறார்கள் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

உங்கள் ஆசிரியர்களில் பலர் திண்மநிலை இயற்பியலிலோ படிகங்களிலோ ஆய்வு செய்தவர்கள். வானியல் என் துறை இல்லை என்று தயங்குவார்கள். என்னோடு கற்பித்தவர்களும் அப்படித்தான் தயங்கினார்கள். அவர்களிடம் இந்த மடலைக் காட்டுங்கள். நிறமாலையும் பிழைக் கணக்கும் அவர்களுக்கு நன்றாகவே தெரியும். தெரியாதது காப்பகத்தின் வாசல் மட்டும். அதை நீங்களும் அவர்களும் சேர்ந்து கற்கலாம். ஐயூகா கல்லூரி ஆசிரியர்களுக்கென்றே பயிலரங்குகள் நடத்துகிறது. ஆஸ்ட்ரோசாட் தரவைப் பயன்படுத்துவோருக்கு உதவ அங்கே ஒரு மையமும் இருக்கிறது. துறைத் தலைவர்களிடம் நான் வேண்டுவது ஒன்று: ப்ராஜெக்ட் அறிக்கையோடு மாணவர் எழுதிய நிரலையும், எடுத்த தரவின் முகவரியையும் சேர்த்துக் கேளுங்கள். அதை விலைக்கு வாங்கிக் கொடுக்க எந்தக் கடையாலும் முடியாது.

கடைசியாக ஒரு தேதி. கயாவின் நான்காவது தரவு வெளியீட்டை 2026 டிசம்பருக்கு ஐரோப்பிய விண்வெளி அமைப்பு அறிவித்திருக்கிறது. இதுவரை வந்ததில் ஒவ்வொரு விண்மீனுக்கும் பெரும்பாலும் தொகுத்த சராசரி எண்கள்தான் கிடைத்தன. இதில் ஐந்தரை ஆண்டுக் காலத்தில் கயா அந்த விண்மீனைப் பார்த்த ஒவ்வொரு முறையும் என்ன அளந்தது என்ற முழு விவரமும் வருகிறது. மங்கிப் பிரகாசிக்கும் விண்மீன்கள், கண்ணுக்குத் தெரியாத துணையால் தள்ளாடும் விண்மீன்கள் எல்லாம் அதில் கிடக்கும். ஐரோப்பாவின் ஹைடல்பெர்க்கில் இருப்பவருக்கும் தக்கலையில் இருப்பவருக்கும் அது ஒரே நிமிடத்தில் திறக்கும். இப்போது இரண்டாம் ஆண்டு படிப்பவர்கள் கடைசி ஆண்டில் அதைக் கையில் எடுக்கலாம். அதற்குள் கார்த்திகையில் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள். எங்காவது சிக்கினால் கேட்டு எழுதுங்கள். கரமனை வீட்டுத் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமைகளில் இருப்பேன். கணினியோடு வந்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கரமனை, திருவனந்தபுரம்